கால் பெருவிரலால் வைத்த கைநாட்டு

அம்மிணி,

திருட்டு என்று சொன்னாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருப்பதை எடுத்தால்தான் திருட்டு. நானோ இல்லாத அறுபத்திரண்டு பேரைக் கொண்டுவந்து கிராம சபையில் உட்காரவைத்தேன். அதற்குப் பெயர் திருட்டா? நீ சமூக அறிவியல் டீச்சர், உனக்கே தெரிந்திருக்க வேண்டும். போலி என்று சொல், பித்தலாட்டம் என்று சொல், கிழவனுக்குக் கொழுப்பு என்று சொல், எல்லாவற்றையும் வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறேன். ஆனால் நீ அரிசிம்பருப்புச் சோறு பாதித் தட்டில் இருக்க, நெய்கூட இன்னும் உருகாமல் இருக்க, "இது திருட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து கைகழுவப் போனாய். போனவள் அப்படியே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். அது சுதந்திர தினத்துக்கு மறுநாள். இன்றைக்கு அக்டோபர் இரண்டு. திருச்செங்கோட்டிலிருந்து தினமும் நம் ஊருக்கு வருகிறாய், நம் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிற உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறாய், மத்தியானம் மட்டும் டப்பாவைத் திறந்து ஆறிப்போன தயிர்சாதத்தைச் சாப்பிடுகிறாய். உன் அம்மா தினமும் ஒரு ஆள் சோறு சேர்த்துத்தான் ஆக்குகிறாள். அந்தச் சோற்றையும் நான்தான் சாப்பிடவேண்டி இருக்கிறது. உன் கோபத்தால் எனக்குத் தொப்பை போட்டுவிட்டது.

நேரில் பேசலாம் என்றால் நீ நிற்பதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. உன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். "ஸ்பீக்கர்ல போடாதம்மா" என்று நீ சொல்வதையும் நான் ஸ்பீக்கரில்தான் கேட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பேசுகிற மாதிரியே எழுதினால் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாய் என்று பயந்து, புத்தகத்தில் இருப்பதுபோல எழுதப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள், ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வை. காலையில் எழுந்து குளித்துவிட்டு இதை ஆரம்பித்தேன். பதினொரு மணிக்குச் சபை. அதற்குள் முடித்தாக வேண்டும். எதற்கு அவசரம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடுகிற வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்குப் பின்னால் ராடும் கேசிங் பைப்பும் ஏற்றிப் போகிற லாரியை நான் இருபத்தைந்து வருடம் ஓட்டினேன் என்பது உனக்குத் தெரியும். போர் போட்டு முடித்ததும் எத்தனை அடி ஓட்டினோம் என்று ஒரு சீட்டு எழுதுவார்கள். அதில் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும். ஆனால் தண்ணீர் பீறிட்டு வந்தால் அந்த ஆள் சந்தோஷத்தில் தேங்காய் வாங்க ஓடிவிடுவார். வராவிட்டால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கேயோ போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டிலும் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். "ஏப்பா, போன தடவ இந்தாளு போட்ட சீட்டு இருக்குது பாரு, அதே மாரி வரஞ்சிரு." நானும் வரைந்துவிடுவேன். கன்னடம் ஒரு எழுத்து தெரியாது, இந்தி ஒரு எழுத்து தெரியாது. உன் அம்மா வாசலில் கோலம் போடுகிற மாதிரி, எங்கே புள்ளி, எங்கே வளைவு என்று பார்த்து அப்படியே இழுத்துவிடுவேன். ஒரு தடவை ஒரு கவுடர் வந்து சீட்டைப் பார்த்துவிட்டு, இதை நான் எப்போது போட்டேன் என்று அவரே சந்தேகப்பட்டார். அன்று எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, நீ வேலைக்குச் சேர்ந்த அன்றுகூட அவ்வளவு வரவில்லை. பொய் சொல்லவில்லை, கொஞ்சம்தான் கம்மி.

லாரியை விட்டு ஊரோடு வந்த பிறகு அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் இருந்தது. அப்போதுதான் ஊராட்சி கிளார்க்கு வந்தார். கிராம சபை கூடினால் நம் ஊருக்கு நூறு பேராவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கூடினதாகவே கணக்கில்லை என்பது உன் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் ஊரில் முப்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். மற்றவர்கள் தறியில் இருப்பார்கள், மில்லில் இருப்பார்கள், லாரியில் இருப்பார்கள், வீட்டில் டிவி முன்னால் இருப்பார்கள். "அண்ணா, அறுவது கையெழுத்துக் கொறையுதுங்கண்ணா, வீதி வீதியா நோட்டத் தூக்கிக்கிட்டு அலைய முடியலீங்க" என்று அழாத குறையாக நின்றார். ஒரு டீ, இரண்டு போண்டா, நோட்டு, மைப்பெட்டி. அவ்வளவுதான். ஊரில் எவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான் என்று எனக்கு அத்துப்படி. மளிகைக்கடைக்காரர் கடைசி எழுத்துக்கு வால் இழுப்பார். மேற்காலத் தோட்டத்துக்காரர் பேருக்குக் கீழே இரண்டு கோடு போடுவார். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு என் பத்து விரலும் முறை வைத்துக்கொண்டு வேலை செய்யும். பத்து போதாமல் போன வருடம் ஒரு நாள், வலது செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துப் பார்த்தேன். அருமையாக விழுந்தது. கிளார்க்கு சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அதிலிருந்து அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வேடிக்கையாகப் போய்விட்டது, மெல்ல ஊருக்கும் தெரிந்துவிட்டது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஊரில் நீ குடிமையியலைக் கொண்டுவந்து இறக்கினாய். இந்த வருடத்திலிருந்து அந்தப் பாடத்தைப் படித்து எழுதினால் மட்டும் போதாது, பிள்ளைகள் செய்து பார்க்கவும் வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது என்று ஜூன் மாதம் நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். உங்கள் பெரிய வாத்தியார், "ரெண்டு போட்டோப் புடிச்சு அனுப்பிரலாம் டீச்சர்" என்று சொன்னாராம். நீ கேட்கவில்லை. நான் என்ன சொன்னேன் நினைவிருக்கிறதா? "வண்டி ஓட்டறதப் பொஸ்தகத்துல படிச்சுட்டு எவனாச்சும் ஸ்டேரிங்கப் புடிப்பானா? பழக்கியுடு அம்மிணி" என்றேன். வாய்க்கொழுப்பு. அந்த ஸ்டியரிங் திரும்பி என் மேலேயே ஏறும் என்று யாருக்குத் தெரியும்.

ஆகஸ்டு பதினைந்து அன்று நீ ஒன்பதாம் வகுப்பை வரிசையாக நடத்திக் கூட்டி வந்தாய். கொடி ஏற்றி வாங்கிய மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு, கையில் நோட்டோடு, எல்லாம் தரையில் உட்கார்ந்தார்கள். சிலர் யார் என்ன பேசுகிறார்கள் என்று எழுதினார்கள். சிலர் தலையை எண்ணினார்கள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவேண்டும், தொட்டியிலிருந்து தனிக் குழாய் போட்டுத் தரவேண்டும் என்று தாரணி என்கிற பெண் எழுந்து மனுவைப் படித்தாள். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் படித்தாள். தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தண்ணீர்த் தொட்டித் தூணுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கால் செருப்போடு. கடைசியில் கிளார்க்கு, கலந்துகொண்டவர்கள் நூற்று மூன்று பேர் என்று வாசித்தார். அதோடு டீ குடித்துக் கலைந்திருக்க வேண்டியது.

தாரணி மறுபடியும் எழுந்தாள். "ஏனுங், நாங்க எண்ணுனப்ப நாப்பத்தொரு பேருதானுங்க இருந்தாங்க."

"வந்துட்டுப் போயிருப்பாங்க சாமி. நீ உக்காரு."

"எங்கம்மா பேரு இருக்குதுங்களா? சரசுன்னு."

கிளார்க்கு பெருமையாக நோட்டைத் திருப்பிக் காட்டினார். "இருக்குது பாரு. உங்கம்மா வராம இருக்குமா?"

"எங்கம்மா மில்லுக்குப் போயிருக்குதுங்க. மொத ஷிப்ட்டு." அந்தப் பெண் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். "வந்திருந்தாலும் கைநாட்டு வெக்காதுங்க. கையெழுத்துத்தான் போடும். லீவுல நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். இப்ப மில்லுலயே அது கையெழுத்துத்தான் போடுது." பிறகு தன் கட்டைவிரலை அந்த மைக்கறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மிஸ், இது கை மாரியே இல்லீங்க மிஸ். எம்புட்டுப் பெருசா இருக்குது பாருங்க."

யாரோ பின்னாலிருந்து, "அது உங்க மிஸ்ஸோட அப்பா காலு கண்ணு!" என்று கத்தினான். கூட்டமே சிரித்தது. பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து, காலைத் தூக்கிக் காட்டி ஒரு கும்பிடு போட்டேன். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று நீ. இன்னொன்று தாரணி. அவள் அந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோடை விடுமுறை முழுக்க ஷிப்ட்டு முடிந்து வந்த அம்மாவைத் தரையில் உட்காரவைத்து, சாக்பீஸைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த மூன்று எழுத்து. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் நான் என் காலை வைத்திருக்கிறேன். இது அப்போது எனக்குத் தெரியாது. நோட்டில் சரசு என்ற பேருக்குப் பக்கத்தில் போன வருடமும் கைநாட்டு இருந்தது, அதனால் இந்த வருடமும் வைத்தேன். மனிதர்கள் மாறுவார்கள் என்பது என் வித்தையில் இல்லாத பாடம்.

மறுநாள் மத்தியானம் நீ சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாய். "ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?" நான் வழக்கம்போல வேடிக்கை பேசினேன். "கடவுளு இருவது வெரலு எதுக்குக் குடுத்திருக்கறான்? பத்து மட்டும் வேல செஞ்சு, மீதி பத்து சும்மா இருந்தாப் பாவமில்லியா?" என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "வாய மூடுங்க, புள்ள மொகத்தப் பாருங்க" என்றாள். நான் பார்க்கவில்லை. அப்போதுதான் நீ திருட்டு என்றாய்.

அதற்குப் பிறகு உன் வகுப்பில் நடந்ததெல்லாம் ஸ்பீக்கர் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. உங்கள் பெரிய வாத்தியார், எதற்கு வம்பு, தீர்மானம்தான் நிறைவேறிவிட்டதே, நூற்று மூன்று என்றே எழுதி அனுப்பிவிடலாம் என்றார். நீ பிள்ளைகளையே முடிவு செய்யச் சொன்னாய். ஒரு பையன் எழுந்து, "தண்ணி வந்தாச் செரி மிஸ், யாரு கையெழுத்துப் போட்டா என்னங்?" என்று கேட்டானாம். எனக்கு அந்தப் பையனைத் தேடிப்போய்க் கமர்கட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது. என் கட்சிக்காரன். ஆனால் தாரணி அவனைத் திருப்பிக் கேட்டாளாம். "நம்முளக் கேக்காம வேணும்னு போடறவரு, நாளைக்கி நம்முளக் கேக்காம வேண்டாம்னு போட்டா என்னடா பண்ணுவ?" பிறகு டிபன் டப்பாவில் சீட்டுப் போட்டு எண்ணினீர்கள். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில், அந்தத் தீர்மானம் செல்லாது, அக்டோபரில் மறுபடி வைக்கவேண்டும், நிஜமாகவே நூறு பேரைக் கூட்டவேண்டும் என்று முடிவானது. கைக்கு வந்த குழாயை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த பிள்ளைகளை நான் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. போன் வைத்த பிறகு உன் அம்மாவிடம், "இதுகளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது புள்ள" என்றேன். அவளோ, "அந்தப் புள்ள கேட்டதுல என்ன தப்பு?" என்றாள். எனக்கு அன்றைக்குச் சரியாகப் பசிக்கவில்லை.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வீதி வீதியாக வர ஆரம்பித்தார்கள். நம் வீட்டுக்கும் வந்தார்கள். "தாத்தா, ரெண்டாந்தேதி சபைக்கி வாரீங்களா?" என்று என்னிடமே கேட்டான் அந்தக் கமர்கட்டுப் பையன். வருகிறேன் என்றேன். அவன் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனான். சும்மா இருக்கமுடியாமல் நானும் கொஞ்ச தூரம் அவர்கள் பின்னால் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். மளிகைக்கடையில் கடைக்காரர் அவர்களிடம் சொன்னார்: "நான் எதுக்குங் கண்ணு வரோணும்? வந்தாலும் வராட்டியும் என்ற கையெழுத்துத்தான் போயிருதே. இருவது வருசத்துல ஒருக்காக்கூட நான் போனதில்ல, ஒருக்காக்கூட என்ற பேரு உட்டுப்போனதில்ல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வழக்கமாக நானும் திருப்பிக் கண்ணடிப்பேன். அன்றைக்கு இமை மூடவில்லை அம்மிணி. நாலைந்து வீட்டில் இதையே கேட்டேன். யாருக்கும் என் மேல் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் ஊருக்கு உபகாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரோ நான் இருக்கிற தைரியத்தில் வீட்டிலேயே இருக்கப் பழகிக்கொண்டது. இல்லாதவர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தேன் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அந்த நாற்காலியில் வந்து உட்காரவேண்டியவர்களை எழுப்பி அனுப்பியதும் நான்தான். சரி, போகட்டும். திருட்டு என்றே எழுதிக்கொள். எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, உனக்குக் கிடைத்துவிட்டது. படித்த பிள்ளை.

இன்னொரு விஷயம். போன மாதம் உன் அம்மாவோடு பேங்குக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் கையெழுத்தைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "சேரலீங்கய்யா, இன்னொருக்காப் போடுங்க" என்றாள். போட்டேன். சேரவில்லை. நாலு தடவை போட்டேன். எழுபத்தொரு வயதில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஊரில் இருக்கிற அத்தனை பேர் மாதிரியும் போட்ட கைக்கு என் மாதிரி போட வரவில்லை. கடைசியில் அந்தப் பெண் மைப்பெட்டியை நகர்த்தி, "கைநாட்டு வெச்சிருங்கய்யா" என்றாள். வைத்தேன், கைவிரலால்தான். உன் அம்மா வெளியே வந்து அரைமணி நேரம் சிரித்தாள். நீயும் சிரித்துக்கொள், இது உனக்காகத்தான் எழுதினேன். ஏனென்றால் அடுத்ததற்குச் சிரிக்க முடியாது.

நீயும் ஒன்பதாம் வகுப்பை இதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாய். அந்த வருடம் தை மாதம் பொங்கலுக்கு நான் ரிக்கிலிருந்து லீவில் வந்திருந்தேன். வடக்கே எங்கெங்கோ காட்டிலும் மேட்டிலும் போர் போட்டுத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த மிதப்பு. அப்போது இருந்த பெரிய வாத்தியார் என்னை டீக்கடையில் பிடித்தார். மேலதிகாரிகளுக்கு அனுப்பப் பெற்றோர் சார்பாக ஒரு கையெழுத்து வேண்டும், ஆள் யாரும் கிடைக்கவில்லை என்றார். ஒரு தாளை நீட்டினார். பெண்பிள்ளைகளின் கழிப்பறை தண்ணீர் வசதியோடு நல்ல நிலையில் பயன்பாட்டில் இருக்கிறது என்று அதில் இருந்தது. நான் படித்தேன் அம்மிணி. படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் படித்தேன். அந்தக் கழிப்பறைப் பக்கம் நான் போனதில்லை. உன்னைக் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நீ நூறடி தூரத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்தாய். கடைக்காரரிடம் பேனா வாங்கி, நாலு பேர் பார்க்க, என் பேரை அழகாகச் சுழித்துப் போட்டேன். ஊரார் கையெழுத்தில் நான் சொன்ன பொய் ஆயிரம் இருக்கும். என் சொந்தக் கையெழுத்தில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மாசி மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான் அப்போது மறுபடி லாரியில் போய்விட்டேன். அம்மாதான் உன்னைத் திருச்செங்கோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நீர்க்கடுப்பு முற்றிக் கிட்னி வரைக்கும் போய்விட்டது, காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டரம்மா அவளைத் திட்டினார்களாம். போகிற இடத்தில் தண்ணீர் இல்லை என்பதால் குடிக்கிற தண்ணீரையே நீயும் உன் சிநேகிதிகளும் நிறுத்தியிருந்தீர்கள். பத்து நாள் படுத்திருந்தாய். நான் ஒரு மாதம் கழித்து வந்தபோது நீ எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாய். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "ஏங்கண்ணு, எளச்சுட்ட?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் தாளைப் பற்றி அவளிடமும் நான் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக நான் பேசிய வேடிக்கையில் பாதி, இதைப் பேசாமல் இருப்பதற்காகப் பேசியதுதானோ என்னவோ. தாரணி அன்று வகுப்பில் கேட்டாளே, கேட்காமல் வேண்டாம் என்று போட்டால் என்ன செய்வாய் என்று, அது நாளைக்கு நடக்கப்போவது இல்லை அம்மிணி. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. போட்டவன் நான். தண்ணீர் குடிக்காமல் இருந்தவள் நீ. அதே கழிப்பறைக்குத்தான் நீ இப்போது குழாய் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

அதனால்தான் இன்று பதினொரு மணிக்கு முன்னால் இதை முடிக்கவேண்டும் என்றேன். இன்றைக்குச் சபையில் எழுந்து நின்று ஆகஸ்டில் போட்ட அறுபத்திரண்டும் என்னுடையது என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். சரசம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருக்கிறேன். இன்றைக்கு மில்லில் லீவு சொல்லிவிட்டு வருகிறாளாம். கிளார்க்கு பயந்துபோய் நேற்றே வந்து, "அண்ணா, என்ற பேர இழுத்துறாதீங்கண்ணா" என்றார். பயப்படாதே, எவ்வளவு டீ குடித்தேன் என்பதை மட்டும் சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் எழுந்து நின்றால் எனக்கு வாய் வேடிக்கைக்குத்தான் போகும். கூட்டம் சிரிக்கும். சிரித்தால் நான் காலைத் தூக்கிக் காட்டிவிடுவேன். என்னை எனக்கே தெரியும். அந்தப் பயத்தில்தான்

இவ்வளவு எழுதும்போது வெளியே ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. நீயேதான். நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு. நீ முன்னால் வந்து நின்ற பிறகும் நான் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பார். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிற்பாடு நீ மாற்றிச் சொல்லக்கூடாது. நீ உள்ளே வந்து உட்காரவில்லை. அம்மா கொடுத்த சொம்புத் தண்ணீரை நின்றபடியே முழுக்கக் குடித்தாய். "நேரமாச்சு, வாரீங்களா?" என்றாய், என்னைப் பார்த்தா சுவரைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"எத்தன பேரு வந்திருக்கறாங்க?" என்றேன்.

"எழுவதத் தாண்டிருச்சு. இன்னும் வந்துட்டிருக்கறாங்க. மளிகைக்கட அண்ணன் கடையப் பூட்டிட்டு வந்து முன்னால உக்காந்திருக்கறாரு. அவுரு கையெழுத்தப் போட்டுட்டு அதையே நாலுவாட்டி பாக்கறாரு."

"வால் இழுத்தாரா?"

உனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாய், நான் பார்த்தேன். "என்னங்கப்பா எழுதறீங்க?"

"உனக்குத்தான். படிக்கட்டுமா?"

படித்தேன். உன் அம்மாவும் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். எனக்குத் தொப்பை போட்ட வரி வரைக்கும் வேகமாகப் படித்தேன். தாரணி வந்த இடத்தில் நீ வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பொங்கல் லீவும் டீக்கடையும் வந்தபோதும் ஒரு வரி விடாமல் படித்தேன். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நீ வாசலிலிருந்து திரும்பினாய். பிறகு நீட்டினாயே கையை, தாளைத்தான் கேட்கிறாய் என்று நினைத்துக் கொடுக்கப் போனேன். நீ எடுத்தது அலமாரியில் இருந்த என் மைப்பெட்டியை. அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாய்.

"டீக்கடையில நாலு பேரு பாக்கத்தான போட்டீங்க. இதையும் அங்க வந்து நாலு பேரு பாக்கப் படிங்க" என்றாய்.

"முழுசுமா?"

"முழுசும். புள்ளைங்க கேக்கோணும்."

"அந்தப் பொங்கல் லீவுமா கண்ணு?"

"அதுக்கோசரந்தான் படிக்கச் சொல்றேன்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். "காலெல்லாம் தூக்கிக் காட்டக்கூடாது. ஒத்த ஆளா வாங்கப்பா. ஒரே ஒரு ஆளா வாங்க."

இரு அம்மிணி, கடிதம் இன்னும் முடியவில்லை, கடைசியில் ஒரு அப்பன் மகளுக்குச் சொல்லவேண்டிய புத்திமதி நாலு வைத்திருக்கிறேன், முதலாவது வெயிலில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலையாதே, மத்தியானச் சோற்றுக்கு இங்கேயே வந்துவிடு, இரண்டாவது என்று நான் படிக்க ஆரம்பிப்பதற்குள் ஸ்கூட்டி முக்கு திரும்பிவிட்டது. அம்மா உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போடுகிறாள், நான் சட்டையை மாட்டிக்கொண்டு